உறையை மட்டும் பார்ப்பவள்

சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் மாடியில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இத்தனை வருடத்தில் ஒரு கதவைக்கூட நான் அடித்துச் சாத்தியதில்லை என்பார்கள். பாத்திரம் கழுவும்போதுகூடக் குழாயைப் பாதிதான் திறப்பேன். என் வீட்டுக்காரர் எனக்கு நேர்மாறு. அவர் தும்மினால் கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். சிரித்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று முதலில் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு நியாயமாகப் படும்.

நான் ஒரு கண்காணிப்பு மையத்தில் பகல் ஷிப்டுக்குப் பொறுப்பாளர். வங்கி, தொழிற்சாலை, கல்லூரி என்று பல நிறுவனங்களின் நெட்வொர்க்கில் திருடன் எவனாவது நுழைந்திருக்கிறானா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஜன்னல் இல்லாத ஹால், சுவர் முழுக்கத் திரை. ஏசி எலும்புக்குள் இறங்கும் என்பதால் எல்லோர் நாற்காலியிலும் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். கைப்பேசியை வாசலில் இருக்கும் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நாங்கள் ஊரார் எழுதுவதையெல்லாம் படிக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. நாங்கள் கடிதத்தைப் பிரிப்பதே கிடையாது. உறையை மட்டும் பார்ப்போம். எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேசியது, எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு கனம். டெலிமெட்ரி என்று பெரிதாகப் பெயர் வைத்திருந்தாலும் விஷயம் அவ்வளவுதான். தெருவுக்கு வருகிற தபால்காரருக்கு எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் வழக்கு என்று ஒன்றையும் பிரிக்காமலே தெரிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி.

அதில் ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் ஒழுங்கில்லாதவர்கள். பேசுவார்கள், டீ குடிக்கப் போவார்கள், திரும்பி வந்து இன்னொன்றைத் திறப்பார்கள். அவர்களுடைய உறைகள் அலங்கோலமாகத்தான் வரும், அதைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை. ஒரே இடைவெளியில், ஒரே அளவில், ஒரே முகவரிக்கு, சின்னதாக ஒன்று போய்க்கொண்டே இருந்தால் எங்களுக்கு மூக்கு வியர்த்துவிடும். உள்ளே புகுந்த ஒன்று வெளியே இருக்கும் தன் எஜமானனுக்கு 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று தகவல் சொல்கிறது என்று அர்த்தம். ஒரு நிறுவனத்தின் மொத்த இரைச்சலுக்கு நடுவில் அந்த முணுமுணுப்பைக் கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

ஆபீஸில் எனக்குத் 'தாழ்ப்பாள்' என்று பெயர். முதலில் மூடிவிட்டு அப்புறம் விசாரிப்பவள் என்பதால். பக்கத்து மேசைக்காரனுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். ஒன்றை மூடுவதற்கு முன் ஊரையே கூட்டிக் கருத்துக் கேட்பான். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு, கத்தல் டெஸ்ட்.

பெரிய நிறுவனங்களில் சொந்தக்காரர் யாரென்றே தெரியாத பெட்டிகள் மூலைமுடுக்கில் கிடக்கும். யாரோ எப்போதோ மாட்டியது, எதையோ எங்கேயோ அனுப்பிக்கொண்டிருக்கும். விசாரித்தால் எல்லோரும் கையை விரிப்பார்கள். அப்போது அதன் இணைப்பை வெட்டிவிட்டுக் காத்திருப்போம். சொந்தக்காரர் இருந்தால் கத்திக்கொண்டு ஓடி வருவார். மன்னிப்புக் கேட்டுத் திறந்துவிடுவோம். யாரும் கத்தவில்லை என்றால் அது யாருக்கும் தேவையில்லை என்று அர்த்தம். உலகமெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்வதுதான். ஒருமுறை மருந்துக் கிடங்கு ஒன்றில் நான் மூடிய பெட்டி குளிர் அறையின் வெப்பத்தைச் சொல்லும் பெட்டியாக இருந்துவிட்டது. அந்த மேனேஜர் போனில் வாய்க்கு வந்தபடி கத்தினார். திறந்துவிட்டேன், எதுவும் கெட்டுப்போகவில்லை.

"மூடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவ?" என்றான் சந்தேகம்.

"கேட்டா பொய் சொல்லுவாங்க. மூடினாத்தான் உண்மை வெளிய வரும்" என்றேன். இப்போதும் எனக்கு அதுதான் கருத்து.

வீட்டிலும் உறைகளைப் பார்க்கிற ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். வேலையில் கை பழக வேண்டும் என்றுதான் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். முன்னறையில் பெரிய சாய்வு மேசை, கணினி, ரோல் ரோலாகக் காகிதம். பெட்டியைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல வந்து திருடறவன், பாவம், அவன் ஏதாவது வெச்சுட்டுத்தான் போகணும்" என்று சிரித்தார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக எடுக்காது. போன் பேசுவதானாலும் வைஃபையில்தான். அதனால் அந்த வீட்டிலிருந்து போகும் எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். அது காட்டுவதை ஆபீஸில் என் ஓரத் திரையில் திறந்து வைத்திருப்பேன். விதிப்படி கூடாது. நானே பொறுப்பாளர் என்பதால் யாரும் கேட்டதில்லை.

அவர் எப்போது எழுந்தார், எப்போது படம் போடுவதாகச் சொல்லிவிட்டு மேட்ச் பார்த்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சாயங்காலம் கேலி செய்வேன். முதலில் சிரித்தார். பிறகு ஒருமுறை, எனக்குச் சொல்லாமல் வேறு ஊரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு முயற்சி செய்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, எந்தெந்த நாள் அவர்களோடு பேசினார் என்றும் சொன்னேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். "நான் சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சுடுதே. அப்புறம் இந்த வீட்ல நான் எதுக்கு வாய வெச்சுக்கிட்டிருக்கணும்?" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. அந்த வேலைக்கும் போகவில்லை. பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மழை தொடங்கிய சமயத்தில் அந்த முணுமுணுப்பு என் திரைக்கு வந்தது. அவர் கைப்பேசியிலிருந்து, சின்னதாக, ஒரே இடைவெளியில், ஒரே முகவரிக்கு. அவர் சாப்பிடும்போதும் போனது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் போனது. எந்தப் பெண்ணும் அவ்வளவு ஒழுங்காகப் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் முதலில் பெண் என்றுதான் நினைத்தேன். அந்த முகவரி யாருடையது என்று தேடினேன். ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவு.

மற்றதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. நெஞ்சில் பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். அது துடிப்பைக் கைப்பேசிக்குச் சொல்லும், கைப்பேசி மருத்துவமனைக்குச் சொல்லும். துடிப்பு தப்பினால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உடனே கூப்பிடுவார்கள், தேவையென்றால் ஆம்புலன்ஸ் வரும். என்னைப் போலவே ஒரு திரை முன்னால் உட்கார்ந்து யாரோ ஒருத்தி என் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நாளாகப் புழுக்கத்திலும் பனியனைக் கழற்றாமல் இருந்ததும், குளியலறைக் கதவைத் தாழ் போட ஆரம்பித்ததும் அப்போதுதான் புரிந்தது.

பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இதை மறைக்காமல் சொல்கிறேன். மருத்துவமனைக்குத் தெரியும். அவருடைய அக்காவுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தபோது நான் சமையலறையிலிருந்து பார்த்தேன், தம்பியின் நெஞ்சுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டாள், அவர் கண்ணால் என்னைக் காட்டி அடக்கினார். இரண்டு பேரும் வீட்டு வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "உன் கை காபியே தனிம்மா" என்றாள்.

பொறுமையாகப் பார்த்தேன். அவருடைய உறைகளில் இரண்டு ரகம் இருந்தன. சின்னது எப்போதும் போகும். பட்டை ஒட்டியிருக்கிறது, வேலை செய்கிறது என்பதற்கு. பெரியது அபூர்வமாகத்தான் போகும். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். உதடு வெளுத்திருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியது ஒன்று போனது. காபி ஆறுவதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆமாங்க சிஸ்டர், படி ஏறினேன். இல்லைங்க, இப்ப பரவாயில்ல" என்று அவரால் முடிந்த அளவு மெதுவாகப் பேசினார். அவருடைய மெதுவு என்ன மெதுவு, எல்லாம் கேட்டது.

"யாருங்க?" என்றேன் உள்ளே வந்ததும்.

"சிமென்ட் கம்பெனிக்காரன். உயிர வாங்கறான்" என்றார்.

அதற்கு மறுநாள் ஆபீஸ் போவதற்கு முன்னால் வீட்டுப் பெட்டியில் அந்த முகவரியின் வழியை மூடினேன். என் எண்ணம் எளிமையானது. என் நெட்வொர்க்கில் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளாத ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூடினால் சொந்தக்காரர் வருவார். வீட்டில் எது போகவில்லை, எது வரவில்லை என்றாலும் அவர் என்னிடம்தான் வர வேண்டும். வந்து, 'இது ஏனோ போக மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்' என்றால் போதும், நான் 'இது என்னங்க' என்று கேட்பேன். அவர் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன அடுத்த நிமிடம் திறந்துவிடுவேன். அவர் வாயிலிருந்து அதைக் கேட்கும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் வரவில்லை. நான் அவருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் இல்லை. சாப்பிடும்போது நானாகவே கேட்டேன்.

"நெட்டெல்லாம் ஒழுங்கா வருதா?"

"பிரமாதமா வருது. ஏன், ஆபீஸ்ல திருடன் கிடைக்கலையா, வீட்ல தேடறியா?"

"ஏதாவது போகலைன்னா சொல்லுங்க."

"உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார்.

இதை அவர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நீங்களே சொல்லுங்கள், இதற்கு மேல் ஒரு மனைவி என்ன கேட்க முடியும்.

அந்த நாளைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்று ஒரு புது வாடிக்கையாளரின் ஆட்கள் எங்கள் ஹாலைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். டை கட்டியவர்கள் நான்கைந்து பேர். அவர்களுக்கு இந்த முணுமுணுப்பு விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் கொட்டாவியை அடக்கினார். ஓரத் திரையில் வீட்டிலிருந்து பெரியது ஒன்று புறப்பட்டு, பெட்டியில் முட்டி நின்றது. போகவில்லை என்றால் அது மறுபடி முயலும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மறுபடி முட்டியது. கொஞ்சம் விட்டு இன்னொன்று, பிறகு அடுத்தடுத்து. நான் பேச்சை நிறுத்தவில்லை. "இந்த மாதிரி விடாம ஒரே இடத்துக்குப் போகப் பாக்குறதத்தான் நாங்க தேடறோம்" என்று பெரிய திரையில் வேறொன்றைக் காட்டினேன்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போது அவர் கைப்பேசியிலிருந்து வேறு வகையான உறை ஒன்று போனது. நாங்கள் இருவரும் வழக்கமாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் முகவரிக்கு. குரலைப் பதிந்து அனுப்பினால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கைப்பேசி வாசல் லாக்கரில் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து போனால் முப்பதடி இருக்கும். மூடியதைத் திறக்க எழுந்திருக்கக்கூட வேண்டாம், ஓரத் திரையில் ஒரு சொடுக்குப் போதும். கை மவுஸின் மேல்தான் இருந்தது. அவர் இப்போது என்னிடம் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. அதே சமயம், இப்போதுதானா சொல்லத் தோன்றியது என்றும் தோன்றியது. முதலில் அவர்களிடம் போக முயன்று, முடியாமல் போன பிறகுதானே நான். அந்த நினைப்பு எனக்குக் கசந்தது. கையை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கைப்பேசி எதையும் திறக்கவில்லை. பெரியதும் முட்டுவதை நிறுத்திவிட்டது. ஷிப்ட் முடியும்போது அடுத்த ஷிப்டுக்குக் குறிப்பு எழுத வேண்டும். 'அமைதி, குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று எழுதினேன். வழியில் பிரட் வாங்கினேன்.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது, அது மூடாமல் இருக்க ஒரு வரைபட ரோலை அடியில் சொருகியிருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று. அவர்கள் கிளம்பியிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல சட்டை போட்டு, மருத்துவமனை அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, சாய்வு மேசையின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி மட்டும் நழுவியிருந்தது. நான் கத்தவில்லை. கண்ணாடியைச் சரி செய்தேன். பிறகுதான் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

நாத்தனார் என் தோளில் விழுந்து அழுதாள். "அவங்க எப்பவும் பாத்துக்கிட்டே இருப்பாங்க, நீ பயப்படாதக்கான்னு சொன்னானேம்மா. அடுத்த வாரம் பட்டையை எடுத்துடுவாங்க, அப்புறம் அவகிட்ட நானே சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கறேன்னானே. பாவம், ஆபீஸ்ல அவளுக்கு இருக்கற தலைவலி போதும்னானே" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மருத்துவமனைக்காரர்கள்தான் முதலில் குழம்பினார்கள். அவர்கள் திரையில் என் வீட்டுக்காரர் அன்று முழுக்க நன்றாகத்தான் இருந்தார். அடுத்த நாள் உடம்பிலிருந்து பட்டையைப் பிரித்தெடுக்கும் வரைக்கும் நன்றாக இருந்தார். அங்கிருந்துதான் விசாரணை வந்தது, வீட்டுப் பெட்டியை எடுத்துப் போனீர்கள், அதைப் படித்துச் சொல்ல எங்கள் ஆபீஸிலேயே ஆள் கேட்டீர்கள். சந்தேகம் வந்தான். அவன் எதையும் பூசி மெழுகத் தெரியாதவன். நீங்கள் இருக்கும்போதே என்னிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டான்.

"மூடறதுன்னா முழுசா மூடியிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? பெரிசு மட்டும் நிக்கட்டும், சின்னது போகட்டும்னு எதுக்கு அளவு வெச்சு மூடின?"

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முழுவதும் மூடியிருந்தால் 'நான் இருக்கிறேன்' என்பதும் நின்றிருக்கும். ஒரேயடியாக வரும் மௌனமும் ஒரு அலாரம்தான், அது இந்தத் தொழிலின் பாலபாடம். மருத்துவமனை உடனே கூப்பிட்டிருக்கும், அக்கா ஓடி வந்திருப்பாள், ஆளாளுக்குக் கத்தியிருப்பார்கள். அவர் என்னிடம் வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அதனால் சின்னதைப் போக விட்டேன். அவர் மேசைக்காலில் சாய்ந்திருந்த அந்த மாலையிலும் பட்டை சொன்னது பொய்யில்லை, அது ஒட்டித்தான் இருந்தது. எது போகும், எது நிற்கும், நின்றால் என்ன ஆகும் என்று எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அன்று பெரியது முட்டியபோதும் அது என்னவென்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இதைக் கொலை என்று நீங்கள் எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் ஒரு சோதனை செய்தேன், அதன் விதியை நடுவில் மாற்றவில்லை.

உங்கள் மேசையில் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது என் கைப்பேசி. அவர் கடைசியாக அனுப்பிய குரல் அதில் இன்னும் கேட்கப்படாமல் இருக்கிறது. அதன் அளவை அன்றே பார்த்தேன், ரொம்பச் சின்னது, அவ்வளவு வாயாடி மனிதர் அவ்வளவு சுருக்கமாக என்னிடம் எப்போதும் பேசியதில்லை. போட்டுக் காட்டட்டுமா என்று நீங்கள் இரக்கத்தோடு கேட்டீர்கள். வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நான் யாருடைய கடிதத்தையும் பிரிப்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை, அன்று எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை.